நீ ஓடவிட்டுப் போன கணக்கு

இன்று காலை உன் கணினியின் மூடியைக் கழற்றினேன். சூடு ஏறிக்கொண்டே இருந்தது. காற்றாடியில் தூசி அடைத்திருக்கும் என்று தெரிந்துதான் கையில் ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். மூடி விலகியதும் அறை முழுக்கத் தேயிலை வாசம். பச்சைக் கொழுந்தின் வாசமில்லை. தொழிற்சாலையில் சலிக்கும்போது பறந்து, தொழிலாளர் லயத்து வீடுகளின் ஜன்னல் கம்பிகளில் படிகிற காய்ந்த தூளின் வாசம். காற்றாடியின் இறக்கைகளில் பழுப்பாக ஒட்டிக் கிடந்தது. கோலாலம்பூரில், மூன்றாவது மாடியில், வெயில் கொளுத்துகிற ஒரு வாடகை அறையில் உன் வீட்டுப் பின்னறை திறந்துகொண்டது போல இருந்தது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. நான் சட்டென்று அழுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். அதிர்ச்சிதான். மாதங்கள் போன பிறகும் அதிர்ச்சி மட்டும் குறையவில்லை. துக்கம் என்று ஒன்று இதற்குப் பிறகு வரும் என்கிறார்கள். வரட்டும், பார்க்கலாம்.

உன்னோடு பேட்மிண்டன் ஆட வந்த கூட்டாளி ஒருவன்தான் போன் செய்தான். மலை மேல் தானா ராத்தா ஊர் மண்டபத்தில் ஆட்டம். புள்ளி எடுத்துவிட்டுக் கிண்டல் அடித்தாயாம். தரையில் கிடந்த இறகுப்பந்தை எடுக்கக் குனிந்தாயாம். நிமிரவில்லையாம். நான் அவனிடம், "வெளையாடுறதுக்கு ஒரு அளவு இருக்கு லா," என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அவன் திரும்ப அழைத்தான். பின்னால் யாரோ உன் பெயரைச் சொல்லி அழுவது கேட்டது. இதயத் தசை பிறவியிலேயே தடித்திருந்ததாம், யாருக்கும் தெரியவில்லையாம். மலையில் பிறந்து மலையிலேயே ஏறி இறங்கி, என்னைவிட வேகமாக ஓடிய உனக்கு.

அதற்கு முந்தைய வாரம்தான் நாம் சண்டை போட்டிருந்தோம். எப்போதும் போடும் சண்டைதான். விஷயம் தெரியாத ஒருவரும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. உனக்கு எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்.

பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் செத்த பிறகு நடுவில் மிஞ்சுகிற கட்டிதான் நியூட்ரான் நட்சத்திரம். கனம் சூரியனைவிட அதிகம். அளவோ இருபது கிலோமீட்டர் சொச்சம்தான்; நம் மலை ரோட்டில் ஒரு விளிம்பை ரிங்லெட்டில் வைத்தால் மறு விளிம்பு பிரிஞ்சாங்கைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முடிந்துவிடும். அதன் மேலோட்டின் அடியில் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று உரசுகிற அளவுக்கு நெருக்கப்படுகின்றன. பக்கத்தில் இருப்பதை இழுக்கும் விசை ஒன்று, எட்டத்தில் இருப்பதையும் தள்ளுகிற மின்விசை ஒன்று. இரண்டில் எதுவும் முழுதாக ஜெயிக்காததால் பொருள் விசித்திரமான வடிவங்களை எடுக்கிறது. முதலில் உருண்டை. இன்னும் நெருக்கினால் கம்பி. இன்னும் நெருக்கினால் அடுக்கடுக்காகத் தகடு. வெள்ளைக்காரர்கள் இவற்றுக்கு இத்தாலியச் சாப்பாட்டின் பெயர்களை வைத்தார்கள். நீ அதைக் கொழுக்கட்டை, இடியப்பம், ரொட்டி சானாய் என்று மாற்றினாய். மாற்றியதோடு நிற்காமல் கருத்தரங்கு மேடையிலும் அப்படியே சொன்னாய். நான் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டேன். நம் பேராசிரியர்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

இந்தப் பொருளை எந்த ஆய்வுக்கூடத்திலும் உண்டாக்க முடியாது. கணினிக்குள் ஒரு பெட்டியைக் கட்டி, ஆயிரக்கணக்கான துகள்களை அதில் போட்டு, எது எதை எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு தள்ளுகிறது என்று கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரு துளி நகர்த்தி, மறுபடி கணக்கிட வேண்டும். வாரக்கணக்கில் ஓடினாலும் உண்மையான நட்சத்திரத்தில் அது ஒரு கண்சிமிட்டலில் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. எனக்கு இதுதான் தாங்காது. ஓட்டம் முடியும் முன்பே பத்துத் தடவை திறந்து பார்ப்பேன். நீ தொடங்கிவிட்டு விளையாடப் போய்விடுவாய்.

உன் ஓட்டங்களில் தகடுகள் வந்தன, ஆனால் தனித்தனியாக வரவில்லை. கார் நிறுத்தும் மாடிக் கட்டடத்தில் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குச் சுற்றி ஏறும் சரிவு இருக்குமே, அதுபோல ஒவ்வொரு தகட்டையும் அடுத்த தகட்டோடு சரிவுகள் இணைத்திருந்தன. அந்தப் பொருளின் இயல்பே அதுதான் என்றாய். அவசரமாகக் குளிரவைத்ததால் உறைந்துபோன பிழை என்றேன் நான். போதிய நேரம் கொடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும் என்றேன். பொறுமை இல்லாதவன் வந்து பொறுமையைப் பற்றிப் பேசுகிறான் பார் என்று பேராசிரியரிடம் சொல்லிச் சிரித்தாய். சும்மா வாய்ச்சண்டை இல்லை அது. சரிவுகள் உண்மையானால் எலக்ட்ரான்கள் அவற்றில் மோதும், வெப்பம் ஓடுவது தடைபடும், அப்படிப்பட்ட ஒரு நட்சத்திரம் குளிர்கிற கணக்கே மாறும். உன் ஆய்வுப் பட்டமும் அந்தச் சரிவுகளில்தான் நின்றது.

வேலைக்காக நீ மலைக்குத் திரும்பியபோது பட்டத்தை விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். தேயிலைத் தோட்ட ஆபீசில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. லயத்தில் எல்லாரும், ஆபீஸ் குமாஸ்தாவைச் சொல்கிற மாதிரி, உன்னைச் சின்னக் கிராணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நீயோ ஊரில் மூடிப்போன ஒரு சைபர் கபேயிலிருந்து பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளை வாங்கி, பின்னறையில் இந்த யந்திரத்தைக் கட்டினாய். "ஒங்க கேயெல்ல ஏர்கானுக்கே சம்பளம் போயிரும். இங்க மலையே ஏர்கான்தான்டா," என்று கோலாலம்பூரைக் கிண்டலடித்துவிட்டு ஜன்னலை அகலமாகத் திறந்துவைத்தாய். பனிமூட்டம் நேராக உள்ளே வந்து கார்டுகளைக் குளிர்வித்தது. கூடவே உன் அம்மாவையும். வீட்டுக்குள்ளேயே கம்பளிச் சட்டை போட்டு, காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு நடமாடினார். உன் நட்சத்திரம் என்றைக்குச் செத்து முடியும் என்று என்னிடம் கேட்பார்.

முந்தைய வாரச் சண்டையின்போதுதான், நம் கடைசி போனில் சொன்னாய்: "இந்தத் தடவ என் சரிவுலருந்து இல்ல. ஒன் ரொட்டியிலருந்து ஆரம்பிக்கிறேன்."

அதாவது சுத்தமாகத் தட்டையான தகடுகளை அடுக்கி, மிதமான சூட்டில் விட்டுப் பார்ப்பது. தானாகச் சரிவுகள் முளைத்தால் நான் தோற்றேன். தட்டையாகவே கிடந்தால் நீ. நேரத்தை வீணாக்காதே, ஒன்றும் முளைக்காது, உன் பட்டத்துக்கு நீயே குழி தோண்டுகிறாய் என்றேன். நீ அலட்டிக்கொள்ளவில்லை. எதிராளி சொல்வதற்கு முழு வாய்ப்புக் கொடுக்காமல் ஜெயித்தால் அது ஜெயிப்பே இல்லை என்றாய். ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய்.

நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வாசலில் தார்ப்பாய், வாடகை நாற்காலிகள், லெம்பா பெர்த்தாமிலிருந்து வந்த என் அப்பாவும் மற்ற காய்கறித் தோட்டக்காரர்களும். பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த அழுகைக்கு அடியில் இன்னொரு சத்தம் விடாமல் கேட்டது. பின்னறையிலிருந்து காற்றாடிகளின் இரைச்சல். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே என் மண்டையில் ஓடிய முதல் வாக்கியம், "இன்னும் ஓடுதா?" என்பதுதான். என்னைப் பற்றி எனக்கே ஒரு பயம் வந்தது.

உன் அம்மா அழவில்லை. வந்தவர்களிடம் சாப்பிட்டீர்களா, குளிர் தாங்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுகிற உன் மாமாதான் பின்னறைக்குள் போய், சாவு வீட்டில் இந்த இரைச்சல் எதற்கு என்று பிளக்கில் கை வைத்தார். அம்மா கதவில் போய் நின்றார்.

"ஆஃப் பண்ணாதடா. அவன் சொல்றவரைக்கும் ஆஃப் பண்ணக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்."

மாமா கையை எடுத்துவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நீதான் இதெல்லாம் படித்தவன், அக்காவுக்கு நீயே சொல் என்று முன்னால் தள்ளிவிட்டார். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. இருக்கிறபடி சொன்னேன். ஒவ்வொரு துகளும் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று யந்திரம் அவ்வப்போது எழுதிவைக்கும். இன்று நிறுத்தி அடுத்த வருஷம் தொடங்கினாலும் விட்ட இடத்திலிருந்தே ஓடும். "உள்ள இருக்கிறதுக்கு நடுவுல நின்னதே தெரியாது ஆண்ட்டி."

"அதுக்குத் தெரியாது," என்றார். "எனக்குத் தெரியும்ல."

பதில் இல்லாமல் நான் நிற்பதைப் பார்க்க நீ எவ்வளவு பணம் வேண்டுமானாலும் கொடுத்திருப்பாய்.

உன்னை எடுத்துப் போன பிறகும் அது ஓடியது. எட்டாம் நாள் படைத்தபோதும் ஓடியது. கருமாதிக்கு நான் மறுபடி வந்தேன். அன்று வீட்டைக் கழுவிவிட வேண்டும், பின்னறையையும் சேர்த்து. அம்மா அசையவில்லை. கடைசியில் எங்கள் தோட்டத்தில் கீரைப் பாத்திக்கு மேல் கட்டுகிற பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்து, மேசையின் காலிலிருந்து பாதி உயரம் வரை நானும் மாமாவும் சுற்றினோம். காற்று போக வழி விட வேண்டும் என்று நான் ஒவ்வொரு மடிப்பையும் பிரித்துக்கொண்டே இருந்தேன். "நச்சத்திரத்துக்கு ரெயின்கோட்டு தச்ச மொத டெய்லர் நாமதான்பா," என்றார் மாமா. இத்தனை நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அம்மாகூடச் சிரித்தார்.

படையல் முடிந்து இலை போடும் நேரத்தில் மழை பிடித்தது. இடி ஒன்று மலையை உலுக்கியது, கரண்ட் போய்விட்டது. பின்னறையில் பேட்டரிப் பெட்டி கீச்சிட ஆரம்பித்தது. மின்சாரம் நின்றால் சில நிமிஷம் தாங்குகிற பெட்டி. அதற்குள் முறையாக நிறுத்திவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கீச்சொலி. நான் ஓடினேன். திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு கட்டளை தட்டினால் போதும், அந்த நொடி வரை உள்ளதை எழுதிவைத்து நின்றுவிடும். விரல் விசைப்பலகைக்கு மேல் இருந்தது. திரும்பினால் கதவில் உன் அம்மா. கையில் சாம்பார் கரண்டி.

"நிறுத்தட்டா ஆண்ட்டி?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, யந்திரத்தைத்தான் பார்த்தார். மாமா ஜெனரேட்டர் கேட்டு மழையில் ஆபீசுப் பக்கம் ஓடினார். கீச்சொலி வேகமானது. பொறியியல்படி நான் செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது, ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும். என்னால் விரலை இறக்க முடியவில்லை. திரை அணைந்தது. காற்றாடிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து நின்றன. அதன் பிறகு மழைச் சத்தம் மட்டும்.

"ஒண்ணும் ஆகல ஆண்ட்டி," என்றேன் அவசரமாக. "கொஞ்சம் முன்னாடி எழுதி வச்சிருக்கும். ஒண்ணு ரெண்டு மணி நேரம்தான் போயிருக்கும். கரண்ட் வந்ததும் வுட்ட எடத்துலருந்து ஓடும்."

"அவனும் ஓடுவானாப்பா?"

சாதாரணமாகத்தான் கேட்டார், ஏதோ தகவல் கேட்பது போல. பிறகு கழுவிவிட்ட ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். மண்டபத்திலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது வராதது, தீ வைத்தபோது வராதது, எல்லாம் அப்போது வந்தது. பெண்கள் ஓடிவந்தார்கள். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். அத்தனை நாளும் அந்த இரைச்சல் கேட்டவரைக்கும் நீ விளையாடப் போயிருக்கிறாய் என்பதுதான் அவருடைய கணக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இந்த மாதிரி விஷயங்களில் நான் எப்போதும் கடைசி.

கரண்ட் வந்தது. விளக்குகள் எரிந்தன. யந்திரம் தானாகத் தொடங்காது, பொத்தானை அழுத்த வேண்டும். யாரும் அழுத்தவில்லை. மறுநாள் காலை கோப்பியை என் முன்னால் வைத்துவிட்டு அம்மாவே சொன்னார், அதை நீ எடுத்துக்கொண்டு போ, தொடங்கியதை முடி, என்ன வந்தாலும் மறைக்காமல் என்னிடம் சொல் என்று. மாமாவின் லாரியில், முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில், பழைய கம்பளியில் சுற்றி அதைக் கீழே இறக்கினோம். அடிவாரத்துத் தாப்பா வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் மாமா நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில் போட்டிருந்தால் சில நாட்களில் முடிந்திருக்கும். அப்படித்தான் போட நினைத்தேன். போடவில்லை. உன் பழைய கார்டுகளிலேயே, அவற்றின் வேகத்திலேயே விட்டேன். இதற்கு அறிவியல் காரணம் எதுவும் கிடையாது. கேட்டால் சொல்வதற்குக்கூட ஒரு காரணத்தை நான் தயார் செய்யவில்லை.

ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும் முன் படத்தைத் திறந்தேன். தட்டையான தகடுகள். ஓர் இடத்தில் மட்டும் இரண்டு தகடுகள் ஒன்றை நோக்கி ஒன்று தொய்ந்திருந்தன. வரைகிற மென்பொருளின் கோளாறு என்று நினைத்தேன். மறுநாள் அவை தொட்டுக்கொண்டிருந்தன. அடுத்த சில நாட்களில் அந்தத் தொடுகை விரிந்து, திரும்பி, சுற்றி ஏறியது. கொஞ்சம் தள்ளி எதிர்த்திசையில் இன்னொன்று. வேலைக்குப் போகவில்லை. சூடு, படி அளவு, மொத்த ஆற்றல் எல்லாவற்றையும் மறுபடி மறுபடி சரிபார்த்தேன். பிழை இல்லை. நான் நடக்கவே நடக்காது என்று சொன்னது என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. கை தானாகப் போனை எடுத்தது. "டேய், மொளச்சிருச்சு, ஜெயிச்சுட்டடா," என்று உனக்கு அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். ஒரே ஒரு சாம்பல் டிக். அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நீ செத்துவிட்டாய் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது போல இருந்தது.

பேராசிரியர் உடனே ஆய்வுக் கட்டுரையாக எழுதச் சொன்னார், உன் பெயரை முதலில் போட்டு. எனக்கும் அதைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எழுத உட்கார்ந்தேன். பெட்டியின் அளவை எழுதும் இடத்தில் நின்றுவிட்டேன். நம் பெட்டிக்குச் சுவர் கிடையாது. வலது பக்கம் வெளியேறும் துகள் இடது பக்கம் உள்ளே வரும். பெட்டி சின்னதாக இருந்தால் தகடு சுற்றி வந்து தன் முதுகையே தொடும். அந்த நெருக்கடியால்கூடச் சரிவு முளைக்கலாம். அப்படியென்றால் அது நட்சத்திரத்தின் குணமில்லை, பெட்டியின் குணம். உனக்கு இது முதல் நிமிஷத்திலேயே தோன்றியிருக்கும். எனக்கு இரண்டு வாரம் ஆனது. காரணமும் தெரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் தோற்க ஆசைப்பட்டேன். ஆசைப்படுகிறவன் கண்ணுக்குப் பெட்டி தெரியாது.

உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். முடிந்துவிட்டதா என்றார். உங்கள் மகன் சொன்னதுதான் சரி என்ற வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார், மாமா லயம் முழுக்கச் சொல்லியிருப்பார், நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

"அவன் சொன்னமாரிதான் வந்திருக்கு ஆண்ட்டி. ஆனா ஒரே தடவதான். பெரிய பெட்டில போட்டுப் பாக்காம சரின்னு சொல்ல முடியாது. மாசக்கணக்குல ஆகும். தப்புன்னும் வரலாம்."

மறுமுனையில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குழாயை மூடினார்.

"அப்ப இன்னும் முடியல."

"முடியல ஆண்ட்டி."

"நல்லது," என்றார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இன்று மதியம் பெரிய பெட்டியைத் தொடங்கினேன். தொடங்குவதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, நீ சொன்னது எப்படியெல்லாம் பொய்யாக இருக்கக்கூடும் என்று உட்கார்ந்து யோசித்தேன். ஈவிரக்கம் இல்லாமல்தான் யோசித்தேன். செத்துப்போனதற்காக உனக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்கப் போவதில்லை. மற்ற எல்லாரும் உன்னைப் பற்றி இனி நல்லதாக மட்டுமே பேசுவார்கள். உனக்காக இந்த வேலையைச் செய்ய வேறு ஆள் கிடையாது.